கொடைரோடு டு நத்தம்: பந்து வீசுகிறவர் பேட்டும் பிடிக்க வேண்டுமா?

ரயில்வே போர்டில் 'கொடைக்கானல் ரோடு' என்று இருக்கும். பேரூராட்சிக் கணக்கில் அம்மையநாயக்கனூர். ஊர்க்காரர்கள் வாயில் கொடைரோடு. ஒரே இடத்துக்கு இத்தனை பெயர் இருந்தும், வைகையிலும் பாண்டியனிலும் வந்து இறங்குகிற பெரும்பாலானவர்களுக்கு இது எதுவுமே தேவையில்லை. அவர்களுக்கு வேண்டியது மேலே இருக்கும் கொடைக்கானல். சூட்கேஸை இழுத்துக்கொண்டு நேராக டாக்ஸி பக்கம் போய்விடுவார்கள்.

1875-ல் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் பாதை போட்ட காலத்திலிருந்தே இதுதான் கதை. மலைக்கு மோட்டார் ரோடு வராத நாட்களில் இங்கே இறங்கி, அடிவாரம் வரை மாட்டு வண்டியில் போய், அங்கிருந்து நடந்தோ குதிரையிலோ டோலியிலோ ஏறினார்கள். இன்றைக்கு வத்தலக்குண்டு வழியாக மூன்று மணி நேரத்தில் ஏரிக்கரைக்குப் போய்விடலாம். ஆனால் கொஞ்சம் நின்று பார்த்தால் கொடைரோடும் பார்க்க வேண்டிய ஊர்தான். மேற்கே பழநி மலை நீலமாகத் தெரியும். கிழக்கே சிறுமலை, கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல. சுற்றிலும் பன்னீர் திராட்சைத் தோட்டங்கள். பக்கத்தில் நிலக்கோட்டை பூ மார்க்கெட். காலை நேரத்தில் அந்தப் பக்கமிருந்து வரும் பஸ்ஸில் ஏறினால் மல்லிகை வாசம் தலையைச் சுற்றும்.

சாயங்கால வெயில் இறங்கியதும் இன்னொரு காட்சி. தமிழ்நாட்டின் எல்லா ஊர்களையும் போல இங்கேயும் காலி இடம் எங்கே இருந்தாலும் மூன்று குச்சி நட்டுவிடுவார்கள். கண்மாய் வறண்ட மாதங்களில் கண்மாய்க்குள்ளேயே பிட்ச். டென்னிஸ் பந்து, பலகையோ பேட்டோ கிடைத்தது. விதிகள் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை; ஆனால் யாரும் மீற முடியாது. அதில் முக்கியமான விதி: ஓவர் போட்டவனுக்கு பேட்டிங் உண்டு. கொடுக்கவில்லை என்றால் அவன் அடுத்த நாள் வரமாட்டான். பந்து அவனுடையதாக இருந்தால் அன்றைக்கே ஆட்டம் முடிந்தது! சில இடங்களில் கடைசி ஆளுக்குத் தனிச் சலுகையும் உண்டு. எதிர்முனையில் ஆளே இல்லாமல் தனியாக நின்று ஆடலாம்.

ஆக, தெருவில் பவுலர் என்று தனி சாதி கிடையாது. எல்லோரும் எல்லாம் செய்வார்கள். அப்படியானால் பெரிய மைதானத்துக்குப் போனதும் ஒருவர் பந்து மட்டும் வீசுகிறவராகவும், பேட்டைக் குடை மாதிரி பிடிக்கிறவராகவும் எப்படி மாறிப்போகிறார்? தொழில்முறை பவுலர் இன்னும் கொஞ்சம் ஒழுங்காக பேட்டிங் செய்ய வேண்டாமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடத் தோதான இடம் இதே திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானம்.

மலைகளுக்கு நடுவே ஒரு ஸ்டேடியம்

கொடைரோட்டிலிருந்து திண்டுக்கல் சுமார் 25 கிலோமீட்டர். நான்குவழிச் சாலையில் அரை மணி நேரம். பாசஞ்சர் ரயிலும் உண்டு. திண்டுக்கல்லில் பஸ் மாறி நத்தம் ரோட்டைப் பிடித்தால் சாணார்பட்டி, கோபால்பட்டி என்று ஊர்கள் வரும். சிறுமலை, கொடைரோட்டில் பார்த்த முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபக்கத்தைக் காட்டும். புளிய மரங்கள், மாந்தோப்புகள். பிரியாணிக்காகத் திண்டுக்கல்லில் இறங்கி அங்கேயே தங்கிவிடுகிறவர்களும் உண்டு. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

நத்தம் என்றால் பழைய ஆட்களுக்கு மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவும் கழுமரம் ஏறுவதும் ஞாபகம் வரும். புதிய ஆட்களுக்கு டி.என்.பி.எல். 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது சென்னை, திருநெல்வேலி சங்கர் நகர், நத்தம் என்று மூன்று இடங்களில்தான் ஆட்டங்கள். பெரிய நகரத்தில் இல்லாத, மலைகளைப் பின்னணியாகக் கொண்ட கல்லூரி மைதானம் ஒன்று விளக்கு வெளிச்சத்தில் டி.வி-யில் தெரிந்தபோது மாவட்டத்துக்கே பெருமை. ரஞ்சி ஆட்டங்களும் இங்கே நடந்திருக்கின்றன.

அந்த ரஞ்சி ஆட்டங்களில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

26 ரன்

2019 டிசம்பர் 9-ல் தமிழ்நாடும் கர்நாடகாவும் நத்தத்தில் மோதின. முதல் இன்னிங்ஸில் கர்நாடகா 336. அதில் கிருஷ்ணப்பா கௌதம் அடித்தது 51. கௌதம் யார்? ஆஃப் ஸ்பின்னர். அணியில் அவருக்குச் சம்பளமே பந்து வீசுவதற்குத்தான். தமிழ்நாடு தினேஷ் கார்த்திக்கின் சதத்தோடு 307 எடுத்தது. பிறகு கர்நாடகாவை 151-க்குச் சுருட்டியது. வெற்றிக்குத் தேவை 181. சொந்த மண், சொந்த ரசிகர்கள்.

கௌதம் மறுபடியும் வந்தார், இந்த முறை பந்தோடு. 60 ரன் கொடுத்து 8 விக்கெட். தமிழ்நாட்டின் வால் வரிசை, அதாவது பந்து வீசுவதற்காகவே அணியில் இருந்தவர்கள், நான்காம் நாளின் கடைசிக் கட்டம் வரை மல்லுக்கட்டினார்கள். எல்லைக்கோட்டுக்கு அடிக்க வேண்டாம், அவுட் ஆகாமல் நின்றால் போதும், டிரா கிடைக்கும் என்ற நிலைமை. நின்றுவிடுவார்கள் போலவும் இருந்தது. முடியவில்லை. 154-க்கு ஆல் அவுட். கர்நாடகா ஜெயித்தது 26 ரன் வித்தியாசத்தில்.

இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜெயித்த வித்தியாசம் 26. எதிரணியின் ஒரு பவுலர் பேட்டால் அடித்தது 51. கௌதம் அந்த ஆட்டத்தில் 14 விக்கெட் எடுத்தார் என்பதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். அந்த 51 இல்லையென்றால் 14 விக்கெட்டும் தோற்ற அணியின் கணக்கில் போயிருக்கும்.

பவுலர் பேட்டிங் பழக வேண்டுமா என்ற கேள்வியைத் தமிழ்நாட்டு ரசிகரிடம் கேட்டால், இந்த ஸ்கோர்கார்டைக் காட்டினாலே போதும்.

அமெரிக்காவில் இந்தக் கேள்வியே முடிந்துவிட்டது

நம்ம ஊரில் அதிகம் பார்க்காத பேஸ்பால் ஆட்டத்திலும் நூறு வருடமாக இதே சண்டைதான். அங்கே பந்து எறிகிறவருக்குப் பெயர் பிட்ச்சர். அவரும் வரிசையில் வந்து மட்டை சுழற்ற வேண்டும். பெரும்பாலும் சுழற்றிவிட்டுச் சும்மா திரும்புவார். 2021-ல் பிட்ச்சர்களின் பேட்டிங் சராசரி 0.110. நூறு தடவை நின்றால் பதினோரு ஹிட் என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்று 1973-லேயே பிட்ச்சருக்குப் பதிலாக பேட்டிங்குக்கு மட்டும் தனி ஆளை வைத்துக்கொள்ளலாம் என்றது. இன்னொன்று பிடிவாதமாக இருந்து, 2022-ல் அதுவும் இறங்கி வந்தது. வேடிக்கை என்னவென்றால், பிட்ச்சர்கள் பேட்டிங்கிலிருந்து ஓய்வு பெற்ற அதே சமயத்தில்தான் ஜப்பானின் ஷோஹெய் ஓதானி இரண்டையும் உச்சத்தில் செய்து உலகத்தை வாய் பிளக்க வைத்தார்.

ஆனால் அந்தத் தீர்ப்பை அப்படியே கிரிக்கெட்டுக்குக் கொண்டுவர முடியாது. பேஸ்பாலில் ஒரு பிட்ச்சர் சீக்கிரம் அவுட் ஆனால் அடுத்தவர் வருவார், ஆட்டம் ஓடும். கிரிக்கெட்டில் ஒருவர் அவுட் ஆனால் எதிர்முனையில் நிற்கிறவரின் ஆட்டமும் சேர்ந்து செத்துப்போகும். பதினோராவது ஆள் ரன் எடுக்கவே வேண்டாம். நின்றாலே அது ரன்தான்.

2019 ஆகஸ்டில் லீட்ஸ் ஹெடிங்லியில் இங்கிலாந்தின் கடைசி ஜோடி 76 ரன் சேர்த்து ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்தது. அதில் சுழற்பந்து வீச்சாளர் ஜாக் லீச் எடுத்தது 1 ரன். சந்தித்தது 17 பந்து. பென் ஸ்டோக்ஸின் 135 அந்த 17 பந்தின் மேல்தான் நிற்கிறது. நம் பக்கத்தில் கசப்பான உதாரணம் 2025 ஜூலை, லார்ட்ஸ். 193 தேவை. ஒரு முனையில் ஜடேஜா. மறுமுனையில் பும்ரா 54 பந்து, பிறகு சிராஜ் 30 பந்து தாக்குப்பிடித்தார்கள். சிராஜ் தடுத்த பந்து தரையில் உருண்டு போய் ஸ்டம்பைத் தொட்டது. 22 ரன்னில் தோல்வி. ஜடேஜா 61 நாட் அவுட். சிராஜ் பேட்டில் தலையை வைத்துக் குனிந்து நின்றதைப் பார்த்தவர்கள், பவுலருக்கு பேட்டிங் தேவையில்லை என்று சொல்லமாட்டார்கள்.

பி.எஸ்.சந்திரசேகர் காலத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை. 58 டெஸ்ட்டில் அவர் எடுத்த விக்கெட் 242, அடித்த ரன் 167. விக்கெட்டை விட ரன் குறைவு! ரசிகர்கள் அதையும் ஒரு அழகாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

பேட்டுக்குக் காசு வேண்டும்

இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. கொடைரோடு மாதிரி ஊர்களில் நின்று பார்த்தால்தான் அது கண்ணில் படும்.

பந்து வீசிப் பழக ஒரு பந்து போதும். சுவர் இருந்தால் கீப்பரும் தேவையில்லை. ஒரு செருப்பை வைத்து அதன் மேல் யார்க்கர் போட்டுக்கொண்டே இருக்கலாம். பேட்டிங் அப்படி இல்லை. டென்னிஸ் பந்தில் சிக்ஸர் சிக்ஸராக அடிக்கிற பையன், தோல் பந்துக்கு மாறியதும் முதலில் கற்றுக்கொள்வது பயம். காலுக்குப் பேடு, கையில் கிளவுஸ், தலையில் ஹெல்மெட், நல்ல மரத்தில் பேட் என்று ஒரு செட் வாங்கினால் பல ஆயிரம் ரூபாய். அதோடு நல்ல பிட்ச், எறிந்து கொடுக்க ஆள், அடிக்கத் தவறினால் திருத்த கோச். திராட்சைத் தோட்டத்திலும் பூந்தோட்டத்திலும் கூலிக்குப் போகும் வீட்டில் இதெல்லாம் நடக்கிற காரியமா? அதனால்தான் கிராமத்திலிருந்து கிளம்புகிற பையன்களுக்குப் பந்து வீச்சே சுலபமான கதவாகத் தெரிகிறது.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் அந்தக் கதவு வழியாக வந்தவர்தான். டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகியவர். 2016-ல் முதல் டி.என்.பி.எல்-லில் அவர் ஆடியது திண்டுக்கல் டிராகன்ஸுக்கு. அடுத்த வருட ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடிக்கு எடுத்தது. அவர் பேட்டிங் எப்படி என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், தமிழ்நாடு ஒரு இந்திய வீரரை இழந்திருக்கும்.

2021 ஜனவரி, பிரிஸ்பேன் டெஸ்ட். காயங்களால் பாதி அணி காலி. நெட் பவுலர்களாகத் தங்கியிருந்த இரண்டு தமிழ்நாட்டுப் பையன்கள் ஒரே நாளில் அறிமுகம் ஆனார்கள்: நடராஜன், வாஷிங்டன் சுந்தர். முதல் இன்னிங்ஸில் இருவருக்கும் தலா 3 விக்கெட். பிறகு இந்தியா 186-க்கு 6 விக்கெட் என்று தடுமாறியபோது சுந்தரும் ஷர்துல் தாக்கூரும் சேர்ந்து 123 ரன் எடுத்தார்கள். சுந்தர் 62, தாக்கூர் 67. அந்த ரன்கள்தான் காபா கோட்டையை இடிக்க வழி விட்டன. நடராஜன் அவுட் ஆகாமல் 1. அன்றைக்கு இருவருமே தேவைப்பட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு இந்தியாவுக்காக டெஸ்ட்டில் திரும்பத் திரும்ப இடம் கிடைத்தது சுந்தருக்குத்தான். நடராஜனுக்கு அது ஒன்றே ஒன்று. காயம், போட்டி என்று காரணங்கள் பல உண்டு. இருந்தாலும் இரண்டு தொழில் தெரிந்தவருக்கு இரண்டு கதவு என்பது பொய்யில்லை.

இங்கே இன்னொரு உள்குத்தும் இருக்கிறது. நெட் பயிற்சியில் முதலில் பேட் பிடிப்பது பேட்ஸ்மேன்கள். பவுலர்கள் அவர்களுக்கு மணிக்கணக்காகப் பந்து போட வேண்டும். தங்கள் முறை வரும்போது வெளிச்சமும் போயிருக்கும், உடம்பும் போயிருக்கும். பத்துப் பந்து ஆடிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். பள்ளி அணி, மாவட்ட அணி என்று கீழே போகப் போக இது இன்னும் மோசம். பேட்டிங் கற்றுக்கொடுக்காமலே பத்து வருடம் வேலை வாங்கிவிட்டு, கடைசி ஓவரில் ஸ்டம்ப் பறந்ததும் "இவனுக்கு பேட்டே பிடிக்கத் தெரியலை" என்று திட்டுவது என்ன நியாயம்?

பன்னிரண்டாவது ஆள்

2023-ல் ஐ.பி.எல்-லுக்கு இம்பாக்ட் பிளேயர் விதி வந்தது. அதே வருடம் டி.என்.பி.எல்-லுக்கும் வந்தது. ஆட்டத்தின் நடுவில் ஒருவரை எடுத்துவிட்டு வேறொருவரை இறக்கலாம். வெளியே போனவர் திரும்ப வர முடியாது. நடைமுறையில் பெரும்பாலும் என்ன நடக்கிறது? பேட்டிங் செய்யும்போது கூடுதலாக ஒரு பேட்ஸ்மேன், பந்து வீசும்போது அவருக்குப் பதில் ஒரு பவுலர். அமெரிக்க பேஸ்பால் செய்ததை வேறு வேஷத்தில் நாமும் செய்துவிட்டோம்.

பேட் பிடிக்கத் தெரியாத பவுலருக்கு இது நிம்மதி. ஆனால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவருக்கு ஆபத்து. 2024-ல் ரோஹித் சர்மா வெளிப்படையாகவே இந்த விதி பிடிக்கவில்லை என்றார். வாஷிங்டன் சுந்தர், ஷிவம் துபே போன்றவர்களுக்குப் பந்து வீச வாய்ப்பே கிடைப்பதில்லை, ஆல்ரவுண்டர்கள் வளரமாட்டார்கள் என்பது அவர் வாதம். சையது முஷ்டாக் அலி கோப்பையில் இந்த விதியை கிரிக்கெட் வாரியம் பிறகு எடுத்துவிட்டது. ஐ.பி.எல்-லில் தொடர்கிறது.

கோபால்பட்டியிலோ கொடைரோட்டிலோ இருக்கும் ஒரு பதினாறு வயதுப் பையன் இதிலிருந்து என்ன புரிந்துகொள்வான்? நாலு ஓவர் போடு, உட்கார், பேட்டை மறந்துவிடு என்றுதான். அது அவனுக்கு நல்லதில்லை. டெஸ்ட்டிலும் ரஞ்சியிலும் அவனுக்குப் பதிலாக பேட் பிடிக்க யாரும் வரமாட்டார்கள். நத்தத்தில் 2019 டிசம்பரில் யாரும் வரவில்லை.

அஸ்வின் காட்டிய வழி

இந்த விதிக்குள் இருந்துகொண்டே, நேர் எதிராக ஒருவர் ஆடிக் காட்டியதும் திண்டுக்கல் அணியில்தான் என்பது சுவாரஸ்யம். 2024 டி.என்.பி.எல்-லில் டிராகன்ஸ் கேப்டன் அஸ்வின், வால் வரிசையில் ஒளிந்துகொள்ளாமல் தன்னை மேல் வரிசைக்கு ஏற்றிக்கொண்டார். வெளியேற்றும் சுற்றுகளில் 57, அவுட் ஆகாமல் 69, சேப்பாக்கத்தில் ஆகஸ்ட் 4 அன்று நடந்த இறுதிப் போட்டியில் 52. வரிசையாக மூன்று அரை சதம். கோவை கிங்ஸைத் தோற்கடித்து திண்டுக்கல் முதல் முறையாகக் கோப்பையைத் தூக்கியது.

அடுத்த மாதமே அதே சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராக இந்தியா 144-க்கு 6 விக்கெட் இழந்து நின்றபோது அஸ்வின் வந்தார். ஜடேஜாவுடன் 199 ரன் கூட்டணி. அஸ்வின் 113. பிறகு பந்தை எடுத்து இரண்டாவது இன்னிங்ஸில் 6 விக்கெட். அந்த டிசம்பரில் சர்வதேசக் கிரிக்கெட்டிலிருந்து விடைபெற்றபோது 106 டெஸ்ட்டில் 537 விக்கெட். கூடவே 3,503 ரன், 6 சதம். சின்ன வயதில் ஓப்பனிங் பேட்ஸ்மேனாகத் தொடங்கியவர் என்பதால் அவரை எல்லோருக்கும் அளவுகோலாக வைக்க முடியாது. ஆனால் 2021-ல் சிட்னியில் வலியோடு 128 பந்து நின்று விஹாரியுடன் டெஸ்ட்டைக் காப்பாற்றியதைத் திறமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அதில் பாதி பிடிவாதம். அதைப் பதினோராவது ஆளும் பழகலாம்.

அதே டிராகன்ஸ் அணியில் வருண் சக்கரவர்த்தியும் இருந்தார். விக்கெட் கீப்பர் பேட்ஸ்மேனாக ஆரம்பித்து, கிரிக்கெட்டை விட்டுக் கட்டடக் கலைக்குப் போய், திரும்பி வந்து மர்மச் சுழல் பந்து வீச்சாளர் ஆனவர். அவரிடம் யாரும் அரை சதம் எதிர்பார்ப்பதில்லை, எதிர்பார்ப்பது அநியாயம். அவர் விரலுக்கு இருக்கும் விலை அது. எல்லா பவுலரும் அஸ்வின் ஆக வேண்டியதில்லை. ஆனால் எல்லா பவுலரும் ஒரு ஜாக் லீச் ஆகலாம். அதற்கு வேண்டியது நெட்டில் வெளிச்சம் இருக்கும்போது ஒரு முறை, சரியான அளவில் ஒரு ஜோடி பேடு. மாவட்ட அளவில் இதைச் செய்ய கோடிகள் தேவையில்லை.

2025-ல் டி.என்.பி.எல். இறுதிப் போட்டியே நத்தத்துக்கு வந்தது. எலிமினேட்டரில் திருச்சிக்கு எதிராக அஸ்வின் 83 ரன்னும் 3 விக்கெட்டும் எடுத்திருந்ததால் ஊரே நம்பிக்கையோடு இருந்தது. ஜூலை 6 அன்று திருப்பூர் தமிழன்ஸ் 220 அடித்தது. சொந்த மைதானத்தில் திண்டுக்கல் 102-க்கு ஆல் அவுட். அன்றைக்கு மேல் வரிசையே சரிந்ததால், வாலைக் குறை சொல்லவும் வழியில்லை.

போகிறவர்களுக்கு

டி.என்.பி.எல். ஜூன், ஜூலை வாக்கில் நடக்கும். நத்தத்தில் ஆட்டம் இருக்கிறதா என்று அட்டவணையைப் பார்த்துக்கொண்டு கிளம்புவது நல்லது. சென்னையிலிருந்து வருகிறவர்கள் திண்டுக்கல்லிலேயே இறங்கலாம். கொடைக்கானலையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்கள் கொடைரோட்டில் இறங்கினால் ஒரு நாள் மலைக்கு, ஒரு மாலை மைதானத்துக்கு என்று பிரித்துக்கொள்ளலாம். மதுரையிலிருந்து நத்தத்துக்கு நேர் ரோடு உண்டு. இரவு ஆட்டம் முடியப் பதினொரு மணி தாண்டிவிடும். திரும்பி வர கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று போகும்போதே டிப்போவில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு முன்னால் பயிற்சியைப் பார்க்க முடிந்தால், பவுலர்கள் எப்போது பேட் பிடிக்கிறார்கள் என்று கவனியுங்கள். எல்லோரும் பேடைக் கழற்றிய பிறகு, கடைசியாக வருவார்கள்.